தேர்வுக்குத் தயாரான இரத்தம்

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. ஓட்டுநர் உரிமத்தில் அது இன்னும் அச்சில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி அழைத்தால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அறிந்தவர் அறியாதவர் அனைவர்க்கும் அவர் பிரேக் மாமாதான். கார் ஓட்டப் பழக்கும் பள்ளியில் அவர் மூத்த ஆசிரியர். பயிற்சி வண்டியில், கற்பவர் காலடியில் இருப்பதைப் போலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் மிதி இருக்கும். அந்த மிதிமேல் வலக்காலை வைத்தபடியே அவர் தலை நரைத்தது.

வழக்கம் காலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தொலைக்காட்சியில் எவனாவது வளைவில் வேகமாகத் திரும்பினால், சோபாவில் இருக்கும் இவருடைய கால் தரையை அழுத்தும். மனைவியார் நாத்தனாரைப் பற்றிப் பேச வாயெடுத்தாலும் அழுத்தும்.

"தரையில பள்ளம் விழுந்துடப் போகுது. நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே" என்பார் அந்த அம்மையார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. உலகில் எது வந்தாலும் அதனைத் தேர்வாகவே கருதுவார். அவரிடம் பயின்றவர்கள் பெரும்பாலும் முதல் முறையிலேயே உரிமம் பெற்றுவிடுவார்கள். பாடம் நன்றாகச் சொல்லித்தருவார் என்பது ஒருபுறம். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அவர் ஏற்றும் மெருகு மறுபுறம். எந்த அதிகாரிக்குக் கண்ணாடியைப் பார்ப்பது தெரியும்படி கழுத்தைத் திருப்ப வேண்டும், எவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

இத்தகைய மனிதர்க்கு, ஒரு சமயம், ஒரு நூலகர் மாணவியாக வாய்த்தார். மிக அடக்கமான பெண்மணி. ஹார்ன் அடிப்பதற்குக்கூட வண்டியிடம் அனுமதி கேட்பவர் போலத் தயங்குவார். ஒரு மாலை அவர் சரிவான கடைத்தெரு ஒன்றில் வண்டியை இறக்கிக்கொண்டிருந்தார். காய்கறிக் கடை வாசலில் நின்ற தள்ளுவண்டி ஒன்று, சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டை விலகி, நடைபாதையிலிருந்து உருண்டு குறுக்கே வந்தது.

பிரேக் மாமா மிதியை அழுத்தினார். அழுத்தியதாகவே நம்பினார். ஆனால் கார் உடனே நிற்கவில்லை. தள்ளுவண்டியின் மேலிருந்த தக்காளியின் காம்பு கண்ணுக்குத் தெரியும் தொலைவில், ஒரு குலுக்கலுடன் நின்றது. நிறுத்தியவர் நூலகர்.

மாமா குனிந்து பார்த்தார். அவருடைய வலக்கால் மிதிக்கு அருகே, வெறும் ரப்பர் விரிப்பின்மேல், முழு வலுவுடன் ஊன்றிக்கொண்டிருந்தது. மிதியின்மேல் இல்லை என்பதைக் கால் அவருக்குச் சொல்லவே இல்லை.

"சார், நீங்கதானே பிடிச்சீங்க?" என்று கேட்டார் நூலகர்.

"நீங்கதாம்மா. நீங்களே பிடிக்கிறீங்களான்னு பார்க்கத்தான் விட்டேன். அருமை."

அந்தப் பாராட்டில் நூலகரின் முகம் மலர்ந்தது. மாமாவோ குனிந்து பார்த்தபடியே காலை எடுத்து மிதியின்மேல் வைத்துக்கொண்டார். உள்ளங்கால் சில மாதங்களாகவே மரத்து வந்தது. பஞ்சின்மேல் நடப்பதைப் போலிருக்கும். பகலில் தாங்க முடியாத அசதி. இவற்றையெல்லாம் முதுமையின் கணக்கில் எழுதிவிட்டு அவர் எவரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அந்த இருக்கை போய்விடும். அந்த இருக்கை போனால் பிரேக் மாமா என்று ஒருவர் இல்லை. உரிமத்தில் அச்சான அந்நியர் ஒருவர்தாம் எஞ்சுவார்.

எனினும் முழுப் பூசணிக்காயை எவ்வளவு நாள் சோற்றில் மறைக்க இயலும்? ஒரு நாள் அவர் ஒற்றைச் செருப்புடன் வீடு வந்து சேர்ந்தார். மற்றொன்று தெருமுனையிலேயே கழன்று கிடந்தது. அது கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. மனைவியார் எடுத்துவந்து அவர் முன் வைத்தார்.

"வார் தளர்ந்துபோச்சு" என்றார் மாமா.

அம்மையார் வாரை இழுத்துப் பார்த்தார். அது இறுக்கமாகவே இருந்தது.

மனைவியாரின் தம்பி இரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். கண்டிப்பான மனிதர். காலையில் முதல் நோயாளியின் இரத்தம் கருவிக்குள் செல்லுமுன், விடை முன்பே தெரிந்த ஒரு மாதிரியை உள்ளே செலுத்தி, கருவி மெய் சொல்கிறதா என்று சோதிப்பார். எண் சற்றுப் பிசகினாலும் அன்றைய வேலை அங்கேயே நிற்கும். வாசலில் மந்திரியே காத்திருந்தாலும் அசைய மாட்டார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்ளும் மாமாவின் இரத்தம் அங்குதான் அவ்வப்போது சோதிக்கப்படும். அக்காவின் வற்புறுத்தலால் இப்போதும் சோதிக்கப்பட்டது. அறிக்கையில் எல்லா எண்களும் எல்லைக்குள் கைகட்டி நின்றன.

"அத்தான், நீங்க முதல் வகுப்புல பாஸ்" என்றார் மைத்துனர்.

"பாஸான கால் செருப்பைத் தெருவுல விட்டுட்டு வருமாடா?" என்றார் அக்கா.

அம்மையார் சலவைக்கடை நடத்துபவர். அங்கே வெள்ளை அங்கிகளைத் தேய்க்கக் கொடுக்கும் ஒரு பெண் மருத்துவர், நோயின் மூலகாரணத்தைத் தேடும் ஃபங்ஷனல் மெடிசின் என்னும் முறையில் வைத்தியம் பார்ப்பவர் என்பது அவருக்குத் தெரியும். அவரிடம் கணவரை அழைத்துச் செல்வதென்று முடிவு செய்தார்.

"ஃபங்ஷனா? யாருக்குக் கல்யாணம்?" என்றார் மாமா.

மைத்துனர் சிரிக்கவில்லை. "அக்கா, அவங்க ரத்தத்தை வாளி வாளியா எடுப்பாங்க. பட்டியல் முழ நீளம் இருக்கும். எங்க எல்லைக்குள்ள இருக்கிறதைப் போதாதும்பாங்க. நல்லா இருக்கிறவனையும் நோயாளி ஆக்கிட்டுத்தான் விடுவாங்க."

"உன் எல்லைக்குள்ள இவர் இருக்காரு. செருப்பு இல்லையே. நான் என்ன பண்ணட்டும்?"

அம்மருத்துவரின் அறையில் மாமா எதிர்பார்த்த பகட்டு எதுவும் இல்லை. ஒரு மேசை, ஒரு கட்டில், சன்னலோரத்தில் வாடாத செடி ஒன்று. மைத்துனரின் அறிக்கையை அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்; பின்னர் மூடி வைத்துவிட்டு, மாமாவின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று கேட்டார். எழுந்ததும் என்ன செய்வீர்கள், எப்போது கண் அசருகிறது, படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றுவது எப்போதிலிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இடையில் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தம்மைப் பற்றி இவ்வளவு கேட்டவர், தாம் பெண் பார்க்கப் போனபோது, மாமனார் ஒருவர்தாம் என்று மாமாவுக்குத் தோன்றியது.

பிறகு அவர் இரண்டு கவடுள்ள ஓர் இரும்பு இசைக்கவையை எடுத்து, உள்ளங்கையில் தட்டி, அதிரும் அதன் அடியை மாமாவின் வலக்கால் பெருவிரலில் வைத்தார்.

"கண்ணை மூடிக்குங்க. அதிர்வு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது டாக்டர்."

"இப்ப?"

"இப்பவும் ஜம்முனு தெரியுது."

மருத்துவர் மீண்டும் வைத்தார். "இப்ப எப்படி இருக்கு?"

"முன்னைவிட நல்லா அதிருது!"

 மாமா மெல்லக் கண்ணைத் திறந்தார். மருத்துவரின் இதழோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. மனைவியார் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது தடவை நான் தட்டவே இல்லைங்க" என்றார் மருத்துவர்.

நுணலும் தன் வாயால் கெடும். மாமாவின் வலக்கால் கட்டிலின் விளிம்பில் தானாகவே பிரேக்கை அழுத்தியது.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீங்க கவையைக் கவனிக்கலை, என் குரலைக் கவனிச்சு எது சரியான பதில்னு பார்த்தீங்க. சரி, ரத்தப் பரிசோதனைக்கும் இப்படித்தான் தயார் பண்ணிக்கிட்டுப் போவீங்களா?" என்றார்.

"அது... கடைசி வாரம் மட்டும் கொஞ்சம் மெருகு."

"என்ன மெருகு?"

மாமா மனைவியின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இனிப்பைத் தொடமாட்டேன். சாயங்காலம் நடப்பேன். அப்புறம் இவ சத்து மாத்திரை வாங்கி வெச்சிருப்பா, அதுல காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு..."

"அடப்பாவி மனுஷா!" என்றார் அம்மையார். "அந்த டப்பா காலியாகுதுன்னு நான் என் தம்பியைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேனே!"

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்தபின், இம்முறை எந்தத் தயாரிப்பும் இன்றிச் சில வாரங்கள் இருந்துவிட்டு, உள்ளபடியே போய் இரத்தம் கொடுக்கும்படி சொன்னார். "இது பாஸ், ஃபெயில் போடுற இடம் இல்லைங்க. நீங்க எப்படி இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்." எங்கே கொடுப்பது என்று அம்மையார் கேட்டதற்கு, "உங்க தம்பிகிட்டதான். இவ்வளவு சுத்தமா வேலை செய்யற இடத்தை விட்டுட்டு வேற எங்க போவீங்க?" என்றார்.

அந்தச் சொல் மைத்துனரின் காதுக்குப் போனது. ஆயினும் அவர் உடனே உருகிவிடவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த சோதனைப் பட்டியலைப் பார்த்ததும் அவரைத் தொலைபேசியில் அழைத்து வாதாடினார். பிறகு ஒரு விடுமுறை நாளில் அறிக்கையைத் தாமே எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார்.

"பட்டியல்ல பாதி வேண்டாம்னு சண்டை போட்டேன் அத்தான். நான் காரணம் சொன்ன இடத்துல எல்லாம் விட்டுக்கொடுத்தாங்க. ஒண்ணே ஒண்ணை மட்டும் விடவே இல்லை. வாயில நுழையாத பேருள்ள ஒரு அமிலம். நான் ஏன்னு கேட்டேன். அவங்க சொன்னது நியாயமா இருந்துச்சு, ஒத்துக்கிட்டேன்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு மச்சான்."

"நீங்க சாப்பிடற சர்க்கரை மாத்திரை, வருஷக்கணக்காச் சாப்பிட்டா சில பேருக்கு பி12-ன்னு ஒரு சத்தை உடம்புல சேரவிடாது. அது குறைஞ்சா நரம்பு கெடும், கால் மரத்துப்போகும். நாங்க அளந்தது ரத்தத்துல அந்தச் சத்து எவ்வளவு இருக்குங்கிறதை. அது டேங்க் முள்ளு மாதிரி. இந்த அமிலம் வேற. உள்ள இருக்கிற உயிரணுக்களுக்கு அந்தச் சத்து எட்டலைன்னா இது தேங்கி நிற்கும். அதாவது எஞ்சினுக்குப் பெட்ரோல் போய்ச் சேருதான்னு பார்க்கிறது."

"சேரலையா?"

"சேரலை. சிறுநீரகம் கெட்டாலும் இது ஏறும். ஆனா உங்களுக்கு அது நல்லா இருக்கு. அதை எங்க வழக்கமான சோதனையே சொல்லிடுச்சு. நீங்க சத்து மாத்திரை தின்னாம வந்ததும் முள்ளும் தானா இறங்கிடுச்சு." மைத்துனர் அறிக்கையை மேசைமேல் வைத்தார். "என் கருவி ஒருநாளும் பொய் சொல்லலை அத்தான். முள்ளைப் பார்க்கிற அன்னிக்கு மட்டும் நீங்க ஒரு லிட்டர் ஊத்திட்டு வந்திருக்கீங்க."

மாமா தலைகுனிந்தார். அவரைத் தேற்றவோ, தம்மைத் தேற்றிக்கொள்ளவோ, மைத்துனர் தொடர்ந்தார்: "நானும் கேட்டிருக்கணும். காலையில கருவியைச் சோதிக்கிறேன். வர்ற ஆளை ஒரு கேள்வி கேக்கிறதில்லை. அந்தம்மா கேட்டாங்க பாருங்க, அது பெரிய விஷயம்."

பி12 ஊசி போடும் ஏற்பாடு நடந்தது. சர்க்கரைக்கு வைத்தியம் பார்ப்பவருக்கும் அப்பெண் மருத்துவரே விவரமாக எழுதி அனுப்பினார். நரம்பு மெல்லத்தான் தேறும் என்றும், ஒருவேளை முழுதும் தேறாமலே போகலாம் என்றும் அவர் மறைக்காமல் சொன்னார். மாமா மிகவும் தயங்கி, அன்று கடைத்தெருவில் நடந்ததை முதன்முதலாக அவரிடம்தான் சொன்னார்.

மருத்துவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி நிமிர்ந்தார். பின்னர், "இதை இன்னிக்கே உங்க முதலாளிகிட்ட சொல்லணும். நீங்களே சொல்றதுதான் மரியாதை" என்றார்.

பயிற்சிப் பள்ளியின் முற்றத்தில் வண்டி கழுவித் துடைக்கப்பட்டு நின்றது. நூலகர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கண்ணாடியைத் திருத்திக்கொண்டிருந்தார். அவருடைய தேர்வு நெருங்கிவிட்டது. மெருகு ஏற்ற வேண்டிய வாரம் அது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. மாமா கதவைத் திறந்து, கீழே இருந்த அந்த மிதியைப் பார்த்தார். அதன் ரப்பர் அவருடைய முன்பாதத்தின் அளவுக்குத் தேய்ந்து பளபளத்தது.

"வாங்க சார், இன்னிக்கும் சரிவுல இறக்கிப் பார்க்கலாமா?" என்றார் நூலகர்.

"அம்மா, அன்னிக்குக் கடைத்தெருவுல நான் சோதிச்சுப் பார்க்கலை. என் கால் மிதியிலேயே இல்லை. வண்டியை நிறுத்தினது முழுக்க முழுக்க நீங்கதான்."

நூலகர் அவரையே பார்த்தார். பிறகு மிதியைப் பார்த்தார். பிறகு தம்முடைய காலைப் பார்த்தார்.

மாமா கதவை மெதுவாகச் சாத்திவிட்டு முதலாளியின் அறைக்குள் சென்றார். முதலாளி யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். மாமாவின் முகத்தைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

"என்ன மாமா, உடம்பு சரியில்லையா?"

"சரியில்லைங்க. வலது கால்ல உணர்ச்சி குறைஞ்சிருக்கு. அந்த நூலகர் அம்மாவை இனிமே வேற ஆசிரியர்கிட்ட விடுங்க. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் நான் வகுப்பறையில பாடம் எடுக்கிறேன். பக்கத்து சீட்டுல உட்கார மாட்டேன்."