தரையில் விழுந்த சட்டைகள்

"சீப்பு கீழ விழுந்தா குனிஞ்சு எடுக்கக்கூட முடியலியா? இடுப்பு என்ன இரும்பா?" அம்மா எரிந்து விழுந்தாள்.

அக்கா சுவரைப் பிடித்தபடி நின்றாள். தங்கை ஓடிவந்து சீப்பை எடுத்துக் கொடுத்தாள். அக்காவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அந்த இடுப்பு வலிக்குக் காரணமே தங்கைதானே!

சட்டைக் கம்பெனியில் இருவருக்கும் ஒரே வரிசை. பட்டாசு என்று பெயரெடுத்தவள் தோள் மூட்டித் தருவாள். தங்கை காலர் வைப்பாள். அடுத்த மெஷினில் அக்கா கை பொருத்துவாள். சட்டை கைக்குக் கை மாறிப் போகும்.

சூப்பர்வைசர் பெண்கள் மேலே கை வைத்துப் பேசுகிறான் என்று போன வாரம் அக்கா ஆபீசில் எழுதிக் கொடுத்தாள். மறுநாளே அவன் வரிசை முழுவதற்கும் டீ நேரத்தை வெட்டினான். கோபம் என்னவோ அக்கா மேல்தான் திரும்பியது.

"நம்மளைத் தொடாதவனா? நாம வாயைத் திறந்தோமா? இவ பெரிய மகாராணி!" என்ற பட்டாசு, தங்கையிடம் திரும்பினாள். "இனிமே சட்டையை அவ கையில குடுக்காதே. கீழ போடு, பொறுக்கிக்கட்டும். பாசம் பொங்குதுன்னா மத்தியானம் நீயும் அவகூடப் போய் உக்காந்துக்கோடி."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்துவைத்தாள்.

நான்கு நாட்களாகச் சட்டைகள் தரையில் விழுந்தன. அக்கா குனிந்து குனிந்து எடுத்தாள். மதியம் ஜன்னலோரம் தனியாகச் சாப்பிட்டாள். பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்தும் தங்கையின் கண் ஜன்னல் பக்கமே போனது.

அம்மா அடுக்களைக்குள் போனதும், தங்கை தைலத்தை எடுத்துவந்து அக்காவின் இடுப்பில் தேய்த்தாள்.

"நாளைக்கும் கீழேயே போடுடி," என்றாள் அக்கா, திரும்பாமலே. "எனக்குப் பழகிடுச்சு. தனியா இருக்கறதை உன்னால தாங்க முடியாது."

மறுநாள் காலை, முதல் சட்டைக்குத் தங்கை காலர் வைத்து முடித்தாள். பட்டாசு கண்ணாலேயே தரையைக் காட்டினாள். தங்கை எழுந்து போய், சட்டையை அக்காவின் கையில் வைத்தாள்.



பட்டாசு வீசிய அடுத்த சட்டை தங்கையின் காலடியில் வந்து விழுந்தது. குனிந்து எடுத்தாள். தூசி தட்டி, காலர் வைத்து நிமிர்ந்தாள்.

அக்காவின் கை அதற்குள் நீண்டிருந்தது.