மரியாதைக்கு ஒரு கட்டைவிரல்

துணியைத் தேய்த்துத் தள்ளும் உருளை இயந்திரத்திலிருந்து சுடச்சுட வெளியே வரும் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உதறி, நேராக்கி, நடுவில் சேர்த்து மடிக்க வேண்டும். சேர்த்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து தொங்கும். ஓட்டல்காரர்களும் ஆஸ்பத்திரிக்காரர்களும் அழுக்காக்கி அனுப்புகிற துணியெல்லாம் அந்தச் சலவைக் கூடத்துக்குத்தான் வந்தது. மடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் கூடத்தில் எல்லாருக்கும் அவள் மடிப்பக்கா.

இன்றைக்கு மடிப்பக்காவுக்குக் கை ஓடவில்லை. கட்டுப் பிரித்து இந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெந்து, புதுத்தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. விரலை நீட்டினால் தோல் கிழிந்துவிடும் போலிருந்தது. "சீக்கிரம் வந்து இன்னொரு தடவை வைத்தியம் பண்ணிக்கணும். விட்டீங்கன்னா இப்படியே மடங்கி நின்னுடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதிர்முனையில் நின்ற ஒல்லி, அக்காவின் பாதி வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தாள்.

"நீ அந்த முனையைச் சும்மா பிடிச்சுக்கோக்கா, போதும். மீதியை நான் பாத்துக்கறேன்."

"சும்மா பிடிக்கிறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?"

சொல்லி வாய் மூடவில்லை, கூடத்தில் அத்தனை பேர் மடியிலும் போன் ஒரே நேரத்தில் அதிர்ந்தது. "கணக்கப்பிள்ளை வந்துட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். கணக்கப்பிள்ளை ஆள் இல்லை. போன மாதம் ஆபீஸில் இருக்கும் கணக்கு மென்பொருளையும் வேலையாட்கள் எல்லாரும் இருக்கிற அரட்டைக் குழுவையும் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். அதிலிருந்து சம்பளம், லீவு, பிடித்தம் எல்லாம் போனுக்கே செய்தியாக வரும். அந்தச் செய்திக்காரருக்குக் கூடத்துக்காரர்கள் வைத்த பெயர்தான் கணக்கப்பிள்ளை. வாங்காத சம்பளத்துக்கும் வணக்கம் வைக்கிற கூட்டம் அது. என்ன செய்தி வந்தாலும் படித்தாலும் படிக்காவிட்டாலும் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிடுவார்கள்.

மடிப்பக்கா இடது கையால் போனை எடுத்தாள். சம்பளம் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. கீழே 'மருத்துவமனை முன்பணம், முதல் தவணை பிடித்தம்' என்று இருந்தது. ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தாள். அவள் யாரிடமும் முன்பணம் கேட்டதில்லை. கை வெந்த அன்றைக்கு உருளையின் மூடி உடைந்திருந்தது, துணி முறுக்கிக்கொண்டு கையை உள்ளே இழுத்தது, சூப்பர்வைசர் அவளை டெலிவரி வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க, கம்பெனி பாத்துக்கும்" என்று வேனிலேயே சொன்னார். அந்தப் பேச்சை நம்பித்தான் அடுத்த வைத்தியத்துக்கும் நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவைத் திறக்காமல் மாடிக்கு ஓடினாள். ஆபீஸ் அறையில் கணக்குப் பார்க்கும் கணக்கம்மா மட்டும் இருந்தாள். மருமகள் வயசுப் பெண், மூக்குக் கண்ணாடி, எப்போதும் குளிர்கிற மாதிரி தோளை மூடிக்கொண்டிருப்பாள்.

"எனக்கு யாரும்மா முன்பணம் குடுத்தது?"

கணக்கம்மா திரையைத் திருப்பிக் காட்டினாள். "ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி கட்டினதுக்கா. இந்தக் கணக்குல விபத்துன்னு ஒரு தலைப்பே கிடையாது. எதுல எழுதறதுன்னு கேட்டேன். முன்பணத்துல போடுன்னு மானேஜர் சொல்லிட்டாரு. ஆனா உங்க சம்மதம் கேக்காம போடலையே. உங்களுக்குத் தனியா செய்தி போச்சு. நீங்க கட்டைவிரல் வெச்சிருக்கீங்க."

"நானா?"

"கட்டைவிரல் வெச்சா சம்மதம்னு அர்த்தம். இணைக்கும்போதே அப்படித்தான் அமைச்சோம். இங்க எல்லாரும் அதைத்தானே போடறாங்க, சுலபமா இருக்கும்னு..." கணக்கம்மாவின் குரல் தேய்ந்தது. அவள் கண் மடிப்பக்காவின் கையில் போய் நின்றது.

திரையில் தேதி இருந்தது. அன்றைக்கு இந்தக் கட்டைவிரல் முழங்கை வரைக்கும் போட்ட கட்டுக்குள் இருந்தது. மடிப்பக்கா அங்கேயே நின்று புருஷனுக்குப் போன் போட்டாள். அவர் பெயின்டர். எங்கேயோ சாரத்தின் மேல் நின்றுகொண்டு எடுத்தார். காற்றுச் சத்தம் கேட்டது.

"ஆமா, வந்துச்சு. நீ மாத்திரை போட்டுட்டுத் தூங்கிட்டிருந்த. ஆஸ்பத்திரி, கம்பெனின்னு என்னவோ இருந்துச்சு. எப்படி இருக்கன்னு விசாரிக்கிறாங்க போலன்னு நெனச்சேன். பெரிய இடத்துல இருந்து கேக்கறப்ப பதில் போடலன்னா நல்லா இருக்காதே, மரியாதைக்கு ஒரு கட்டைவிரல் போட்டு வெச்சேன். ஏன், என்ன ஆச்சு?"

"மரியாதைக்குப் போட்டீங்களா! என் கையைக் கடன்ல எழுதிட்டாங்க."

"அட, நான் என்ன பத்திரத்துலயா கைநாட்டு வெச்சேன்?"

"அதுதான் இப்பப் பத்திரமாம்."

"நான் வேணா வந்து பேசட்டுமா?" என்றார். இன்றைக்குக் கூலியும் போய்விடும், வேண்டாம் என்று வைத்துவிட்டாள். வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கலாம். ஆனால் தான் விழித்திருந்தாலும் அதே கட்டைவிரலைத்தான் போட்டிருப்போம் என்று தெரிந்ததால் திட்ட வாய் வரவில்லை. அதனால் கோபம் இன்னும் கூடித்தான் போனது.

"மாத்த முடியாதாம்மா?"

"மாசக் கணக்கை மூடியாச்சுக்கா. என் கையில இல்ல. மானேஜர்தான் திறக்கணும்."

மானேஜரைக் கூடத்தில் பாதிப்பேர் பார்த்ததே கிடையாது. குழுவில் கண்ணாடி போட்ட போட்டோவாக இருப்பார், அவ்வளவுதான். மடிப்பக்கா கீழே இறங்கி சூப்பர்வைசரைத் தேடினாள். அவர் பின்வாசலில் லாரியில் மூட்டை ஏற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனி பாத்துக்கும்னு சொன்னீங்களே சார்."

"பாத்துக்கலையா? அன்னைக்கு ஆஸ்பத்திரியில பணத்தைக் கட்டினது யாரு?"

"அதைத்தான் என் தலையில கட்டியிருக்காங்களே. இன்னொரு வைத்தியம் வேற பாக்கணும். இது மிஷின்ல பட்டதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"மிஷின்ல பட்டதுன்னு எழுதினா நாளைக்கு ஆபீசர் ஒருத்தன் வந்து மிஷினைப் பாப்பான். ஒரு வாரம் கூடத்தைப் பூட்டுவான். அத்தனை பேர் வயித்துலயும் அடிக்கணுமா? தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு இருங்க."

"தலைப்பாகையா போகுது? விரல் போகுது சார். அந்த மூடி உடைஞ்சிருக்குன்னு உங்ககிட்ட நான் முன்னாடியே சொன்னேனா இல்லையா?"

சூப்பர்வைசர் மூட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எழுதிக் குடுத்தீங்களா?"

"வாயாலதான் சொன்னேன்."

"கம்பெனி பாத்துக்கும்னு நானும் வாயாலதாம்மா சொன்னேன்."

திரும்பி வரும் வழியில் உருளை இயந்திரத்தைப் பார்த்தாள். உடைந்த மூடியைக் கிழிந்த விரிப்பின் நாடாவால் கட்டி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் அதற்கு நடந்த வைத்தியம். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு, வேலுக்கும் விலை கேட்கிறார்களே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அழுகை வரவில்லை. உட்காரவும் முடியவில்லை. கொதிகலன் பக்கத்தில் இங்கும் அங்கும் நடந்தாள். மானேஜர் இருக்கிற ஒரே இடம் அந்தக் குழுதான். சரி, அங்கேயே போய்க் கேட்போம் என்று போனை எடுத்தாள். தனக்கு வந்த முன்பணச் செய்தியைத் தூக்கிப் பொதுக்குழுவில் போட்டாள். எழுத விரல் வராது. பேசி அனுப்பினாள்.

"மானேஜர் சாருக்கு வணக்கம். இது நான் வாங்கின கடன் இல்லங்க. மூடி உடைஞ்ச மிஷின்ல வேலை பாத்தப்ப வெந்த கை. அந்தக் கட்டைவிரலும் நான் வெச்சது இல்ல, அப்ப எனக்கு விரலே கட்டுக்குள்ள இருந்துச்சு. தயவுபண்ணி விபத்துன்னு எழுதுங்க. வைத்தியம் பாக்கலைன்னா இந்தக் கை நிக்காது சார். எனக்குக் கைதான் எல்லாம்."

மணி அடித்து வேலை தொடங்கியிருந்தது. கூடத்தில் ஒரு போனிலிருந்து அவள் குரல் கேட்டது. பிறகு இன்னொன்றிலிருந்து. சலவைத் தொட்டிப் பக்கமிருந்தும், இஸ்திரி மேசையிலிருந்தும், லாரியடியிலிருந்தும் அவளுடைய குரலே முன்னும் பின்னுமாக வந்துகொண்டிருந்தது. தன் குரல் இவ்வளவு நடுங்குமென்று அவளுக்கே தெரியாது. அவள் போட்ட முன்பணச் செய்தியின் கீழே ஒரு கட்டைவிரல் விழுந்தது. ஒல்லியுடையது. அடுத்தது தொட்டிக்காரருடையது. பிறகு எண்ண முடியவில்லை, மளமளவென்று ஏறியது. வாய் பேசாத இஸ்திரித் தாத்தாகூட ஒன்று போட்டிருந்தார்.

"பாத்தியாக்கா!" ஒல்லிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மொத்தக் கூடமும் உன் பக்கம். இனிமே மானேஜர் என்ன, அவங்கப்பன் வந்தாலும் பதில் சொல்லித்தான் ஆகணும்."

மடிப்பக்கா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். தொட்டிக்காரர் தூரத்திலிருந்தே கையை உயர்த்திக் காட்டினார். சிரித்துவிட்டாள்.

எல்லார் போனும் மறுபடி ஒன்றாக அதிர்ந்தது. மானேஜர்தான் என்று அவசரமாக எடுத்தாள். கணக்கப்பிள்ளை.

'முன்பணத்துக்கு ஜாமீன் பதிவாகியது. கடன் பெற்றவர் தவணை தவறினால் கீழ்க்கண்டவர்களின் சம்பளத்தில் சமமாகப் பிடிக்கப்படும்.' அடியில் கட்டைவிரல் வைத்த அத்தனை பேரும் வரிசையாக இருந்தார்கள்.

மாடிப்படியில் கணக்கம்மா ஓடிவந்தாள். பாதிப் படியிலேயே நின்று கத்தினாள். "முன்பணச் செய்தியைக் குழுவுல போட்டா ஜாமீன் கேக்கறதா எடுத்துக்கும்! ஐயோ, இதை உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டேன்க்கா... சாயங்காலம் இன்னைக்குக் கணக்கை மூடறதுக்குள்ள விரலை எடுத்துடுங்க எல்லாரும். எடுத்துட்டா ஒண்ணும் ஆகாது!"

கூடத்தில் ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். உருளை ஓடிக்கொண்டே இருந்தது. மடிப்பக்கா குனிந்து திரையைப் பார்த்தபடி நின்றாள். முதலில் லாரிக்காரருடையது போனது. பிறகு தொட்டிக்காரருடையது. ஏறிய வேகத்தைவிட வேகமாக இறங்கியது. நிமிர்ந்து பார்த்தாள். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. ஆளாளுக்குக் கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எல்லார் வீட்டிலும் உலை கொதித்தாக வேண்டும்.

கடைசியில் இரண்டே இரண்டு விரல் மிச்சமிருந்தது. ஒன்று அவள் போனிலிருந்து புருஷன் வைத்தது, முன்பணச் செய்தியோடு கூடவே வந்திருந்தது. இடது கையால் அதை அழுத்திப் பார்த்தாள். மூடின மாசக் கணக்கில் இருந்ததால் அசையவில்லை. இன்னொன்று ஒல்லியுடையது.

உருளையிலிருந்து அடுத்த விரிப்பு சுடச்சுட வந்து விழுந்தது. ஆளுக்கொரு முனையாகப் பிடித்தார்கள். உதறினார்கள். ஒல்லி நேராக்காமல் நின்றாள். உதட்டைக் கடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா..."

"சொல்லு."

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோயேன்க்கா. ஒரே நிமிஷம்."

மடிப்பக்கா வெந்த கையை நீட்டி அவள் முனையையும் வாங்கிக்கொண்டாள். ஒல்லி வியர்த்த கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, திரும்பி நின்று, மடியிலிருந்து போனை எடுத்தாள்.