குடைக்குக் கீழே ஒரு முதுகு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும், நாக்கு போனாலும் எழுதக் கை இருக்கிறதே என்பீர்கள், கையும் போகட்டும்... ஆனால் ஆசிரியை மறுபடியும் அதே இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டார், திரையில் அதே மழை, அதே பேருந்து நிறுத்தம், அவள் நனைகிறாள், அவன் குடையை அவள் பக்கம் சாய்க்கிறான், அவன் முகம் தெரியாது, முதுகு மட்டும்தான், அந்த முதுகு என்னுடையது என்று போன வாரம் ஏன் சொல்லித் தொலைத்தேன்? ஒரு காதல் பாட்டை எடுத்து, எந்த ஷாட் எதற்கு என்று பிரித்துப் பார்த்து, அதை வைத்து நாங்களே ஒன்று எடுக்கவேண்டும், இதுதான் பாடம். இந்தச் சினிமா வகுப்பில் எல்லாரும் மீசை முளைத்தும் முளைக்காததுமான வயது, நான் ஒருவன்தான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன், பேச்சுத்துணைக்காகச் சேரவில்லை, வீட்டில் பேச ஆள் இருக்கிறாள், கற்றுக்கொள்ளத்தான் சேர்ந்தேன். என் குழுவில் குருவி என்று ஒரு பெண், பார்க்கவும் அப்படித்தான், பேச்சும் கீச்சுக்கீச்சென்று. "ஏன் பெருசு, லவ்வைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள், கேட்ட தொனி சரியில்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது. "அந்தக் குடையைப் பிடிச்சிருக்கிறதே நான்தாம்மா."

சொன்னதோடு நிறுத்தினேனா? பொய்க்குத் தனியாக இருக்கப் பயம், துணைக்கு இன்னொன்றைக் கூப்பிடும். அன்றைக்கு நடிகருக்கு அடுக்குத் தும்மல், தும்முகிறவனை வைத்துக் காதலை எப்படி எடுப்பது, பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்ட் பார்க்க வந்த என்னைப் பின்னாலிருந்து பார்த்த இயக்குநர் "இதுய்யா முதுகு!" என்று கையைத் தட்டினார், மழைக்குத் தீயணைப்பு வண்டி, அது அடித்த அடியில் கதாநாயகியின் கன்னத்தில் மையால் வைத்த மச்சம் பறந்துவந்து என் சட்டைத் தோளில் ஒட்டிக்கொண்டது, துவைத்துத் துவைத்துச் சட்டை போய்விட்டது, மச்சம் மட்டும் இன்னும் இருக்கிறது... இதற்காவது குருவி சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரித்திருந்தால் நானும் சிரித்துத் தப்பித்திருப்பேன். அவளோ என்னைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, புரொஜெக்டரைத் திருப்பி, அந்த முதுகை என் முதுகின் மேல் விழச்செய்தாள். இடது தோள் இறங்கியிருந்தது, அவனுக்கும் எனக்கும். என் தோள் கருவிப்பெட்டி சுமந்து இறங்கியது, அவனுக்கு எதைச் சுமந்து இறங்கியது? "ஐயோ, அச்சு அசல் நீங்கதான்!" என்று கத்தினாள், ஒரு நொடி எனக்கே சந்தேகம், ஒருவேளை நான்தானோ...

அன்றோடு யோசித்து வைத்திருந்த கதையைத் தூக்கிப் போட்டுவிட்டாள். நாளைக் காலை படப்பிடிப்பு. அதே மாதிரி ஒரு நிறுத்தம், அதே முதுகு, வயதாகிப்போய், ஆனால் குடைக்குக் கீழே இப்போது என் மனைவி, காமிரா மெதுவாகச் சுற்றி வந்து இரண்டு முகங்களையும் காட்டும், அவ்வளவுதான் படம். நல்ல யோசனை, அதுதான் சிக்கல். குருவி போன தடவை எடுத்த படத்தில் தோற்றவள், இதுவும் போனால் அவள் அப்பா இரும்புக்கடைக் கல்லாவில் உட்காரவைத்துவிடுவார், "ஆணி நிறுத்துப் போடத்தான் பொறந்திருக்கேன்னு நினைச்சுக்க வேண்டியதுதான்" என்று சிரித்தாள், சிரித்து முடிப்பதற்குள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வீட்டில் போய் விஷயத்தைச் சொன்னால் மனைவி கொடியில் துணி உலர்த்திக்கொண்டே, திரும்பாமலே, "அந்தக் குடை எவளுக்கு?" என்கிறாள். நடிப்புதானே என்றேன். "எனக்கு என்னைக்காவது புடிச்சிருக்கீங்களா?" உனக்குத்தான் சளியே பிடிக்காதே என்றேன். "வாய் மட்டும் இல்லேன்னா உங்களை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும். அவ யாருன்னு சொல்லுங்க, அப்புறம் வர்றேன்." எவளும் இல்லை, எல்லாம் புளுகு என்று ஒப்புக்கொண்டால் இவள் வருவாள், குருவியின் படம் செத்துப்போகும், புளுகைக் காப்பாற்றினால் படம் பிழைக்கும், ஆனால் குடைக்குக் கீழே நிற்க ஆள் இருக்காது... இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்ட், கதவை நெம்பித் திறந்தால் எதிரே சுவர். எத்தனை பேரை அப்படி வெளியே இழுத்துப்போட்டிருக்கிறேன், என்னை இழுக்க ஒரு மெக்கானிக் கிடையாதா? எழுந்து நின்று சொல்லிவிடலாமா, இப்போதே, இந்த இருட்டிலேயே, முகம் தெரியாது...

"ஏன் அவன் முகத்தைக் காட்டலை? யாராவது சொல்லுங்க" என்கிறார் ஆசிரியை. காசு மிச்சம் பிடிக்க என்று பின்வரிசையில் ஒருவன், சிரிப்பு. குருவி எழுந்து, "முகம் தெரியலேன்னா, பார்க்கிற ஒவ்வொருத்தரும் அது தன்னோட ஆளுன்னு நினைச்சுக்கலாம் மேடம். ஆளே இல்லாதவங்ககூட" என்கிறாள். எனக்கு ஏன் காது சுடுகிறது? உட்கார்ந்தவள் பையிலிருந்து ஒரு குடையைப் பாதி வெளியே இழுத்து, "புதுசு, உங்க வீட்டுப் பாட்டிக்காக வாங்கினேன், அவங்களுக்கு நீலம் பிடிக்குமா?" என்று கிசுகிசுக்கிறாள். அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும்... கொடியில் அவள் உலர்த்திய துணிகளின் நிறமாவது... எவ்வளவு யோசித்தும் ஒரு புடவைகூட நினைவுக்கு வரவில்லை, முதுகுதான் வருகிறது, அவள் ஏன் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை? "சொல்லுங்க பெருசு, கண்டிப்பா வருவாங்கல்ல?" வருவாம்மா, என்றேன். குடையைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டாள். பாட்டு மறுபடியும் ஓடுகிறது, மழை, அவன் குடையைச் சாய்க்கிறான்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.