இரண்டு முறை கிழிந்த தேதி

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை, அண்ணியிடமிருந்து சுட்டது. வழிகாட்டியோடு நான்கு நாள் கடலோரமாக நடக்கும் சுற்றுலாவுக்குப் போய்வந்தவர், துணி மடித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் புல்லரித்துவிட்டது. எழுதுகிறவன் காதில் விழுந்தால் சும்மா விடுவானா?

2

முதல் வரி: கடல் வற்றியிருந்தது. (பொய். கடல் விலகும், வற்றாது.)

கடல் அன்று தன் நீல ஆடையை மெல்ல... சீ, வேண்டாம். அண்ணி சொன்னதையே போடுகிறேன்.

"தண்ணி ஒரு மைல் தள்ளிப் போயிருந்துச்சு. நேத்து அலை அடிச்ச எடத்துல நான் ஷூ போட்டு நிக்கிறேன். பாறை ஒவ்வொண்ணும் வீட்டு உயரம். எனக்குப் பேச்சே வரல தம்பி."

3

அண்ணிக்கு மருந்துக்கடையில் வேலை. கடை திறந்ததும் முதல் காரியம், நாள்காட்டியில் தேதித்தாளைக் கிழிப்பது. இருபது வருடப் பழக்கம். சுற்றுலாவில் தங்கிய விடுதிச் சுவரிலும் ஒன்று தொங்கியது. விலகிய கடல் அன்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்று ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டிருந்தது. அந்த நேரம் நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். மூன்றாம் நாள் காலை விடுதிக்காரம்மா முந்தின நாள் தாளை ஏற்கெனவே கிழித்துவிட்டார். அது தெரியாமல் தூக்கக் கலக்கத்தில் அண்ணி இன்னொன்றைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். வழிகாட்டி வந்து, இன்றையது என்று நம்பி நாளைக்கான நேரத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு கிளம்பினார்.

(அவ்வளவு அனுபவசாலி தேதியைப் பார்க்கமாட்டாரா? நானும் கேட்டேன். "நீ தெனம் கடிகாரத்த சரிபாத்துட்டா ஆபீஸ் போற?" என்றார் அண்ணி.)

4

ஒன்பது பேர், கரையிலிருந்து வெகுதூரம். கைக்குட்டையைத் தேடிய அண்ணியின் விரலில் தாள் சிக்கியது. இன்றைய தேதி. கடல் திரும்பும் நேரம் ஒன்பது நாற்பது. மணி ஒன்பதே முக்கால். நிமிர்ந்தார். தொடுவானம் முழுக்க ஒரு வெள்ளைக் கோடு, சத்தமில்லாமல் நகர்ந்து வந்தது.

உடனே கத்தினார். வழிகாட்டி தாளைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார். "மூட்டையப் போட்டுட்டு ஓடுங்க." கடைசிப் பள்ளத்தில் தண்ணீர் மார்பளவு. கூட வந்தவர்களில் நீச்சல் தெரியாத தபால்காரர் ஒருவரை இருவர் தூக்கிவந்தார்கள். ஒன்பது பேரும் பிழைத்தார்கள்.

சுபம் போட்டுவிடலாமா?

5

போட முடியவில்லை. அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

"உடனேன்னு போட்டிருக்க."

"ஆமா அண்ணி."

"உடனே இல்லப்பா. தாளப் பாத்ததுமே புரிஞ்சுது, எல்லாரோட உயிரும் போகும்னு. ஆனா அது வந்துட்டே இருந்துச்சு. அவ்ளோ பெரிசா ஒண்ண நான் பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல. கத்தினா பாக்கறது முடிஞ்சிடும். நின்னுட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

சொன்னார்.

"அத எழுது. தபால்காரர் வாராவாரம் ஃபோன் பண்ணி, நீங்கதாம்மா தெய்வம்ங்கறார். என்னால காதுல வாங்க முடியல. அவர் படிக்கட்டும்."

எழுத எனக்குக் கை வரவில்லை. இருப்பது ஒரே அண்ணி. மறைக்கவும் மனம் வரவில்லை. 'உடனே'யை அடித்துவிட்டு இப்படி விட்டிருக்கிறேன்:

அண்ணி ............ நிமிடம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கத்தினார்.

புள்ளிகளை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். அவசரப்படாதீர்கள். அண்ணி நின்ற இடத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். உங்களுக்குக் குரல் வர எத்தனை நிமிடம் ஆகிறதோ, அதைப் போடுங்கள்.