மாற்றம், காரணம், மாடி

காலை ஆறரை மணி. தரைத்தளத்து மெஷின் அறையின் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, டெய்லரக்கா ஒன்பதாவது தடவையாக ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். நுனியை எச்சில் தொட்டு முறுக்கினாள், கத்தரியால் சாய்வாக வெட்டினாள், மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டாள். நூல் ஊசிக்கு இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது, காது இல்லாத இடமெல்லாம் ஒரு சுற்று போய்வந்தது. முப்பது வருஷமாக வாய் ஒரு பக்கம் கதை பேசிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்குக் கோத்த நூல். கடைசியில் குருட்டாம்போக்கில் எப்படியோ நுழைந்தது. அவள் நிமிர்ந்து தலைக்கு மேலே எரிந்த பல்பை முறைத்தாள். பிறகு மேசையில் சணலால் கட்டித் தொங்கிய நோட்டை இழுத்து எழுதினாள்: "பல்பு மாற்ற வேண்டும். காரணம்: மங்கல். தரைத்தளம்."

மூன்று வாரத்தில் அது நாலாவது பல்பு. பல்பு என்ன செய்யும், பாவம்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதையின் தலையும் புரியாது, வாலும் புரியாது. அதற்கு மூன்றாம் மாடிக் கம்ப்யூட்டர்காரரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் பகலெல்லாம் சம்பளத்துக்கு நிரல் எழுதுவார், மிச்ச நேரமெல்லாம் சம்பளமில்லாமல் நிரல் எழுதுவார். இரண்டாவதில்தான் அவருக்கு உயிர். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். மாற்றியவர் மட்டும் அதைத் தன் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. "ஊருக்கெல்லாம் சும்மா எழுதிக் குடுப்பாரு. வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் மாட்டச் சொன்னா நேரமில்லம்பாரு" என்று அவர் மனைவி மாடிப்படியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் முறையிடுவாள்.

ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு துணி ஆலை மூடப்பட்டு அதன் பவர் தையல் மெஷின்கள் வந்த விலைக்குப் போனபோது, அந்தக் கட்டடத்தின் ஒன்பது குடித்தனமும் சேர்ந்து ஒன்றை வாங்கின. யார் பெயரில் வாங்குவது என்று பேச்சு தடித்தபோதுதான் கம்ப்யூட்டர்காரர் எழுந்து நின்றார். யார் பெயரிலும் வேண்டாம் என்றார். யாரும் எதை வேண்டுமானாலும் தைக்கலாம், என்ன ஏது என்று கேட்கக் கூடாது. மூடியைத் திறந்து பார்க்கலாம், அறைக்குப் பூட்டு கிடையாது. மெஷினில் எதையும் மாற்றலாம், ஆனால் என்ன மாற்றம், என்ன காரணம், எந்த மாடி என்று நோட்டில் எழுத வேண்டும். மாற்றியது எல்லாருக்கும் சொந்தம். நாளைக்குக் குடிவருகிறவருக்கும் வந்த அன்றிலிருந்தே சம பங்கு.

"நிரல்னா பிரச்சினையே இல்ல. நீங்க எடுத்துட்டுப் போனாலும் எங்கிட்டயும் இருக்கும். மெஷின் அப்படியில்ல பாருங்க. ஒருத்தர் உக்காந்தா இன்னொருத்தர் நிக்கணும். அந்த நிக்கிறவங்களுக்காகத்தான் இந்த விதியெல்லாம்" என்றார். ஒருவருக்கும் முழுசாகப் புரியவில்லை. ஆனாலும் சண்டை நின்றதே என்று கைதட்டினார்கள்.

விதியிலே இல்லாத ஒரு காரியத்தை அப்போது டெய்லரக்கா செய்தாள். வாங்கிய மெஷினுக்கு மோட்டார் பழுது. பழைய மெஷின் ஒன்றைக் கொடுத்தால் நல்ல மோட்டார் போட்டுத் தருகிறேன் என்றான் வியாபாரி. அவள் வீட்டு மூலையில் அம்மாவின் கைமெஷின் இருந்தது. நாலு பேர் நல்லா இருக்கட்டும் என்று தூக்கிக் கொடுத்துவிட்டாள். நல்ல மனசுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அந்த மெஷினுக்கு அவள் ஒருத்தி மட்டும் மகள் இல்லை. அடுத்த மாதம் வந்த தங்கை காலியான மூலையைப் பார்த்தாள்.

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"நான்தானேடீ தைக்கிறேன். நீ என்ன, அதத் தொட்டா பாத்த?"

"ஒம்பது வீட்டுக்கும் பங்கு குடுத்திருக்க. கூடப் பொறந்தவளக் கணக்குலயே சேக்கலல்ல?"

அன்றைக்குப் போனவள்தான். கல்யாணம் காட்சியில் எதிரே பார்த்தாலும் ஒருத்தி சுவரைப் பார்ப்பாள், இன்னொருத்தி செருப்பைப் பார்ப்பாள்.

அப்படிப்பட்ட தங்கைதான் இந்த வருஷம் அதே கட்டடத்தின் நாலாம் மாடிக்குக் குடிவந்தாள். பஸ் நிறுத்தம் பக்கம் என்று சொல்லிக்கொண்டாள். பஸ் நிறுத்தம் இருக்கிற தெருவில் வேறு வீடே இல்லை போலிருக்கிறது. வந்த மூன்றாம் நாள் மகளின் பாவாடையை எடுத்துக்கொண்டு நேரே மெஷின் அறைக்குள் போனாள். உள்ளே தைத்துக்கொண்டிருந்த அக்கா பாதித் தையலில் எழுந்து வெளியே வந்துவிட்டாள். விதிப்படி தடுக்க முடியாது. விதிப்படி பேச வேண்டும் என்றும் இல்லை.

பேசாவிட்டால் என்ன, நோட்டு இருந்தது. "நூல் டென்ஷன் குறைக்கப்பட்டது. காரணம்: இதற்கு முன் இறுக்கியவருக்கு மெஷின்மேல் என்ன கோபமோ. நாலாம் மாடி." மறுநாள் அதற்குக் கீழே: "டென்ஷன் பழையபடி வைக்கப்பட்டது. காரணம்: தெரியாதவர்கள் தொடாமல் இருந்தால் நல்லது. தரைத்தளம்." கம்ப்யூட்டர்காரர் சிவப்பு மையில் "மெஷினைப் பற்றி மட்டும் எழுதவும், ஆளைப் பற்றி வேண்டாம்" என்று குறுக்கே எழுதி அடிக்கோடு போட்டார். அதன்பிறகு இருவரும் மெஷினைப் பற்றி மட்டும் எழுதினார்கள், மரியாதையாக, விஷமாக. பெடல் உயர்ந்தது, தாழ்ந்தது. மேசை ஜன்னல் பக்கம் போனது, திரும்பி வந்தது. காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் செய்தித்தாளுக்கு முன்னால் அந்த நோட்டைப் படித்துவிட்டுத்தான் போனார்கள்.

டெய்லரக்காவும் படித்தாள். ஆனால் கொஞ்ச நாளாக நோட்டைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தாள், பிறகு மூக்குக்கு அருகே கொண்டுவந்தாள், இரண்டும் சரிப்படாமல் குத்துமதிப்பாகப் படித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தையல்காரிக்குக் கண் போகிறது என்று வெளியே தெரிந்தால் நாளைக்கே எல்லாரும் அன்பாகத்தான் பேசுவார்கள், அன்பாகவே துணியை வேறு கடைக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒண்டிக்கட்டை. இந்த ஊசியை விட்டால் காலையில் எழுந்திருக்க வேறு காரணமும் இல்லை. போன வாரம் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு வெள்ளை நூல் என்று சந்தன நிற நூலில் தைத்துக் கொடுத்து, "இதுதான் இப்ப ஃபேஷன்" என்று சமாளித்தாள். அந்தம்மாவும் நம்பிக்கொண்டு போனாள்.

நாலாவது பல்பு மாட்டி இரண்டு நாள் கழித்து அவள் அறைக்குள் நுழைந்தபோது, ஊசிக்கு மேலே ஏதோ பளபளத்தது. மெஷின் தலையில் ஒரு வளையும் கம்பி திருகப்பட்டு, அதன் நுனியில் உள்ளங்கை அகல உருப்பெருக்கிக் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தாள். ஊசிக்காது ஒரு வாசல் மாதிரி திறந்திருந்தது. நூல் முதல் தடவையிலேயே உள்ளே போனது. நோட்டை இழுத்து அந்தக் கண்ணாடிக்கு அடியிலேயே வைத்துப் படித்தாள்.

"பெரிதாகக் காட்டும் கண்ணாடி பொருத்தப்பட்டது. காரணம்: எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. நாலாம் மாடி."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தங்கைக்குக் கண் தெரியவில்லையாம்! தெருக்கோடியில் வரும் பஸ்ஸின் நம்பரை இங்கிருந்து படிக்கிறவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்கிறவள். காகிதத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு "அச்சு சரியில்ல" என்றும், "இங்க வெளிச்சம் போதல" என்றும் சாதிக்கிறவர்களைத் தினமும் பத்துப் பேர் பார்க்கிறாள். நோட்டில் நாலு பல்பு இருந்தன. வாரத்துக்கு வாரம் பெருத்துக்கொண்டே வந்து, கோட்டை விட்டு இறங்கி ஓடும் அக்காவின் எழுத்தும் இருந்தது. கட்டடமே படித்த நோட்டுதான், படித்தவள் ஒருத்திதான்.

நன்றி சொல்லப் போகலாமா என்று டெய்லரக்கா இரண்டாம் மாடி வரை ஏறினாள். என்னவென்று சொல்வது? மூச்சு வாங்குகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டாள். இப்படியே கண்ணாடி வழியாகத் தைத்துக்கொண்டு, நாலாம் மாடியின் கண்ணைக் கடன் வாங்கினது போல இருந்துவிடலாம் என்றுகூட ஒரு வாரம் தோன்றியது. தையல் அந்த ஒரு வாரம் அச்சடித்தது போல விழுந்தது.

கெடுத்தது மேனேஜர் சார். இரண்டாம் மாடிக்காரர். எங்கே எதற்கு மேனேஜராக இருந்தார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, ஓய்வு பெற்றும் அந்த வேலையை விடவில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், மெஷின் அறையில் ஆளுக்கொரு நாற்காலியோடு வந்து உட்கார்ந்ததும், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"நாலாம் மாடி அம்மாவுக்குக் கண் பார்வை கொறைவுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. பவர் மெஷின், கை போச்சுன்னா யார் பதில் சொல்றது? அவங்க தனியா ஓட்டக் கூடாதுன்னு ஒரு விதி போட்டுடலாம்."

"யாரையும் தடுக்கிற மாதிரி விதி போட முடியாது சார். அதான் மொதல் விதியே" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"தடுக்க வேணாம். பக்கத்துல ஒருத்தர் உக்காரட்டும். கூடவே ஒரு ஆள். அதுல என்ன தப்பு?"

கம்ப்யூட்டர்காரர் யோசித்தார். யோசிக்க ஆரம்பித்தாரென்றால் பாதி தோற்றுவிட்டார் என்று அவர் மனைவிக்குத் தெரியும். "கண்ணாடிக் கடையில வேலை, அவளுக்கே கண்ணு போச்சு, பாருங்களேன்" என்று பின்னால் யாரோ குசுகுசுத்தார்கள். "கடைக்காரங்களுக்குத் தெரியுமா இது?" என்று இன்னொரு குரல்.

தங்கை குனிந்து, மடியில் இருந்த கைக்குட்டையை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், தன் தலை தப்பும். டெய்லரக்கா அந்தக் கைக்குட்டையையே பார்த்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து அது ஒரு வெள்ளைக் கறையாகத்தான் தெரிந்தது. மடிப்பு தெரியவில்லை. ஆனாலும் மடிக்கிறாள் என்பது தெரிந்தது. சின்ன வயதில் அடி வாங்கும்போதும் இப்படித்தான், எதையாவது மடித்துக்கொண்டு வாயே திறக்காமல் நிற்பாள். அந்த அடிகளில் பாதி அக்காவுக்கு விழ வேண்டியது.

"நோட்ட இங்க குடுங்க" என்றாள் டெய்லரக்கா.

மேனேஜர் சார் கொடுத்தார். அவள் அதை மெஷினுக்கு எடுத்துப் போனாள். அத்தனை பேர் முன்னாலும் கண்ணாடிக்கு அடியில் விரித்து வைத்து, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். அறையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. எழுதி முடித்ததும் கம்ப்யூட்டர்காரர் வாங்கி உரக்கப் படித்தார்.

"திருத்தம். மேலே உள்ள காரணத்தில் ஆள் தவறு. கண் தெரியாதது எனக்கு. அவளைக் கேட்காமல் அம்மா மெஷினைக் கொடுத்ததும் நான். தரைத்தளம்."

ஆளைப் பற்றி எழுதக் கூடாது என்பது அவரே போட்ட விதி. சட்டைப் பையில் சிவப்புப் பேனாவும் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. நோட்டை மூடி, இருந்த இடத்தில் தொங்கவிட்டார்.

மேனேஜர் சாருக்குத்தான் தாங்கவில்லை. "அப்ப... பக்கத்துல உக்கார்ற விதி?"

"அது இருக்கட்டும் சார். எனக்குன்னு போட்டுக்குங்க" என்றாள் டெய்லரக்கா. "ஆனா காலையில ஆறரைக்கு எவ எந்திரிச்சு வந்து எம் பக்கத்துல உக்காரப் போறா?"

நாற்காலிகள் கலைந்தன. தங்கை எல்லாருக்கும் முன்னால் படியேறிப் போய்விட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஆறரை மணிக்கு டெய்லரக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். நூல் கோத்தாள். துணியை ஊசிக்கடியில் வைத்தாள். பெடலில் கால் வைக்கவில்லை. விதி விதிதான், ஆள் வர வேண்டும். நேற்றைய கூட்டத்து முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள், யார் முன்னால் இனி எப்படி நடப்பது என்று யோசித்தாள். இரண்டு தரம் படியில் சத்தம் கேட்டது, இரண்டும் பால் வாங்கப் போனவர்கள்.

மூன்றாவது சத்தம் அறைக்குள் வந்தது. ஒரு நாற்காலி இழுபட்டது. டெய்லரக்கா திரும்பவில்லை. திரும்பினால் சுவரைப் பார்ப்பதா செருப்பைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

"சாயந்தரம் கடைக்கு வா. கண் டாக்டர் வருவாரு, காட்டிரலாம்" என்றது பக்கத்துக் குரல், தூக்கக் கலக்கத்தோடு, எரிச்சலோடு. "நாலு பல்பாம். கேக்கிறவங்க சிரிக்கப்போறாங்க."

"நீ மட்டும் என்ன. பொய் எழுதினவ."

"நீ எழுதின எழுத்த யாரு படிக்கிறது? கோழி கெளறின மாதிரி. துணி நகருது பாரு, நேரா புடி."

டெய்லரக்கா குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தாள். பூதாகரமான ஊசி, கயிறு போல நூல், வலை வலையாகத் துணி. அதற்குள் ஓரத்திலிருந்து ஒரு விரல் நுழைந்தது, பெரிதாக, ரேகைகள் எல்லாம் தெரியும்படி. நகத்துக்குக் கீழே, ஏழு வயதில் அம்மாவின் மெஷினில் ஊசி ஏறிய வெள்ளைத் தழும்பு. அன்றைக்குச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தவள் அக்காதான். அந்த விரல் துணியின் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஊசிக்கு அரை அங்குலம் தள்ளி, நடுங்காமல் காத்திருந்தது.

டெய்லரக்கா பெடலின்மேல் காலை, இருப்பதே தெரியாத கனத்தில், வைத்தாள்.