முன் பார்

...ரெண்டு ஆள் பாரம், வேறு பேச்சே கிடையாது என்று சடையப்பன் சொன்னபோதே சிரித்துவைத்திருக்கலாம், சிரித்திருந்தால் அது சைக்கிள் கடைப் பேச்சாகவே கரைந்து போயிருக்கும், ஏன் சிரிப்பு வரவில்லை என்று சுரேந்தருக்கு இன்னும் விளங்கவில்லை. சிதம்பரம் கீழ வீதி, உச்சி வெயில், சடையப்பனின் கடைச் சுவரில் சாய்ந்து கிடக்கும் அவனுடைய உடைந்த ஃபிரேம்... இது மூன்றாவது. மேல் பார் போய் சீட்டுக் குழாயில் சேருகிற வெல்டிங்கில், அடிப்பக்கமாக, மயிரிழையாக ஆரம்பித்து வாய் பிளந்துவிட்ட விரிசல். முதல் ஃபிரேமும் அங்கேதான் விட்டது, இரண்டாவதும் அங்கேதான். "பார்ல யாரையாச்சும் ஒக்கார வச்சிகினு போறியா மச்சான்? ஒன் ஒடம்புக்கு இதெல்லாம் பத்து வருசம் கெடக்கும்" என்று கேட்டான் சடையப்பன், கேலியாகத்தான். யாருமில்லை என்றான் சுரேந்தர். உண்மையைத்தானே சொன்னோம், பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது உண்மைதானே. சடையப்பன் அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். "அலுமினியம் வேணாம் மச்சான், அது சொல்லாம கொள்ளாம பூடும். இரும்புன்னா வளையும், மொனகும், முன்கூட்டியே ஒனக்குத் தெரிஞ்சிடும். இது சிங்கிள் ஸ்பீடு. கியரே கெடையாது, உப்புக் காத்து திங்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல. நாலு வீதியும் ஒரு சுத்து சுத்திட்டு வா, புடிச்சா எடு."

சொல்லாமல் கொள்ளாமல்... அவளும் அப்படித்தானே போனாள் என்று நினைத்துக்கொண்டே ஏறி மிதித்தான். அவன் மனைவி ஜோதிலட்சுமிக்கு வந்தது வெறும் காய்ச்சல், மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன் என்றாள், அவன் கிள்ளை பக்கம் இறால் பண்ணையில் தீனி அளந்துகொண்டிருந்தான், போன் வந்து அவன் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒரு முனகல் இல்லை, ஒரு அறிகுறி இல்லை. முதல் வண்டியைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான், திருப்பாதிரிப்புலியூர் கடையில், பழுத்த ஆரஞ்சு நிறத்தில், மலையே இல்லாத ஊரில் மலை ஏறுகிற சைக்கிள் எதுக்கு என்று கடைக்காரர் முன்னாலேயே கிண்டல் செய்துவிட்டு அதையே வாங்க வைத்தாள். மலை இல்லையா, கேப்பர் மலை இருக்கிறதே என்று அன்றைக்கே அவளை முன் பாரில் உட்காரவைத்துக்கொண்டு மேடேறினான், இருக்கிற கியரிலெல்லாம் சின்ன கியர் போட்டும் நாக்கு தள்ளியது, எறங்கிக்கவா என்றாள், ஒக்காரு என்றான், அவ்வளவு பெரிய பெண் பிள்ளை பாரில் உட்கார்ந்து போகிறாளே என்று முதுநகர் முழுக்க வாயைப் பிளந்தது. பார் அழுத்துகிறது என்று துண்டு ஒன்று சுற்றிக்கொள்வாள். ஓடுகிற வண்டியில் தாவி ஏற மாட்டாள், அந்தப் பயம் மட்டும் அவளுக்குக் கடைசிவரை போகவில்லை. அவன் நிறுத்தி, இடது காலை ஊன்றி, வண்டியை அவள் பக்கம் கொஞ்சம் சாய்த்து, இடது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து வழி விட வேண்டும், அப்போதுதான் வந்து உட்காருவாள். அவள் இருந்தவரைக்கும், அத்தனை நாள் இரண்டு பேரைச் சுமந்தும், அந்த ஆரஞ்சு ஃபிரேமில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அவள் போன பிறகுதான் உடைய ஆரம்பித்தது, அவன் தனியாகப் போகும்போது. முதலாவது உடைந்ததும் பழசாகிவிட்டது என்று எல்லோரையும் போல அவனும் நினைத்தான். இரண்டாவது ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. மூன்றாவது அதைவிடச் சீக்கிரம், போன வாரம், பண்ணைக் கரை மேல் போகும்போது காலுக்கு நடுவில் டக்கென்று ஒரு சத்தம், வண்டி இரண்டாக மடிந்தது, குட்டைக்குள் விழுந்தான், கைக்கெட்டுகிற தூரத்தில், தண்ணீரில் காற்றைக் கலக்குகிற ஏரேட்டரின் இரும்புத் துடுப்பு தண்ணீரை வெட்டி எறிந்துகொண்டு சுற்றியது. ஓடி வந்து தூக்கிவிட்டவர்கள் நீ பிழைத்தது மறுபிழைப்பு என்றார்கள். அவர்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு, சேற்றில் கிடந்தபடி அவன் முதலில் தேடியது விரிசலைத்தான், அதே இடத்தில் இருந்ததைக் கண்டதும் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம், அதற்கு வேறு பெயரே இல்லை. அப்படியென்றால் வருகிறாள், இன்னும் கூடவேதான் வருகிறாள்... முதுநகரில் இருக்கிற அவன் அக்கா மாலதியிடம் மட்டும் இதைச் சொன்னான், அவள் சிரிக்கவில்லை, அழவுமில்லை. "அவ ஒன்னக் கூப்புட்டுகினு இருக்காடா. நீ போவாத" என்று போனில் சொல்லிவிட்டு மறுநாளே ரயிலேறி வந்து, கற்பூரத்தைக் கொளுத்தி அணைக்கச் சொல்லி, இனி அந்த மாதிரி வண்டி தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனாள். அதனால்தான் இந்த இரும்பு. இது உடையாது, அவன் உயிருக்கு ஆபத்தில்லை, நல்லதுதான். ஆனால் உடையாவிட்டால் அவள் வருகிறாள் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

கீழ வீதி கடைசிவரை வண்டி தண்ணீர் போல ஓடியது, அவனுக்கு அதுதான் பிடிக்கவில்லை. கோயிலில் நடை சாத்தியாகிவிட்டது, கடைகளில் பாதி ஷட்டர் இறங்கிக் கிடந்தது, தெருவில் ஈ காக்கை இல்லை. கியர் வண்டி என்றால் செயின் எதையாவது கடகடவென்று பேசிக்கொண்டே வரும், இது வாயே திறக்கவில்லை, மிதிப்பதை நிறுத்தினால் மட்டும் பின்சக்கரத்தில் டிக்டிக்கென்று ஒரு ஓசை, மிதித்தால் அதுவும் அடங்கிவிடும். குனிந்து நிழலைப் பார்த்தான். உச்சி வெயிலில் நிழல் வண்டிக்கு அடியிலேயே கறுப்பாகச் சுருண்டு ஓடிவந்தது, அதில் ஒரு ஆளா இரண்டு ஆளா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? லேசாக இருக்கிறதே, இவ்வளவு லேசாகவா இருக்கும், ஏறவில்லையோ, இரும்பு என்று தெரிந்து நின்றுவிட்டாளோ... தெற்கு வீதி திரும்புகிற முனை வந்தது, வண்டி நின்றது. யார் நிறுத்தியது? குறுக்கே ஆட்டோ இல்லை, மாடு இல்லை. இடது கால் தரையில் ஊன்றியிருந்தது, வண்டி இடது பக்கம் சாய்ந்திருந்தது, இடது கை ஹேண்டிலை விட்டு அந்தரத்தில் நின்றது. அந்தக் கையை யாருடையதோ போலப் பார்த்தான். தினமும் காலையில், வீட்டுச் சந்து முனையில், இப்படித்தானே நிற்கிறேன்... அவள் போன மறுவாரத்திலிருந்து ஒருநாள் விடாமல் நிற்கிறேனே, எதற்கு நிற்கிறேன் என்று ஒருநாளாவது கேட்டுக்கொண்டேனா? அவள் கூப்பிடுகிறாள் என்றல்லவா அக்கா சொன்னாள். கூப்பிட்டது யார்?

கையை ஹேண்டிலில் வைத்து அழுத்தி மிதித்தான். தெற்கு வீதி முழுக்க நிற்கவில்லை. மேல வீதி முனையிலும் நிற்கவில்லை, நிற்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினான். ஆனால் கனம் ஏறியிருந்தது. கேப்பர் மலையில் ஏறுவது போலத் தொடை இறுகியது, சமதளம்தானே, தேர் ஓடுகிற வீதிதானே இது, எதிர்க்காற்றுகூட இல்லையே. வலது கட்டைவிரல் பழக்க தோஷத்தில் கியரைத் தேடி வெறும் ரப்பரைத் தடவியது. கியர் இருந்தால் சின்னதில் போட்டு பாரத்தை ஏமாற்றலாம், இதில் அது முடியாது, கனம் வந்தால் வந்த கனத்தோடு மிதிக்க வேண்டியதுதான். பயமாக இருந்தது, குட்டையில் விழுந்தபோது வராத பயம். வெயிலில் பிடரி காய்ந்துகொண்டிருக்க, இரண்டு கைக்கும் நடுவில் நெஞ்சுக்கு நேராக மட்டும் ஏதோ ஒரு மறைப்பு இருப்பது போல, அங்கே மட்டும் வியர்வை ஆறிக் குளிர்ந்தது. ஜோதி என்று கூப்பிட்டுப் பார்க்கலாமா, கூப்பிட்டால் என்ன ஆகும்... கூப்பிடவில்லை. வடக்கு வீதியில் அவள் வேலை பார்த்த பல் ஆஸ்பத்திரி வந்தது. அதே நீல போர்டு, வாசலில் அதே மூன்று படி. தினமும் அவளை இறக்கிவிட்ட இடம். வேகத்தைக் குறைக்காமல் தாண்டினான், தாண்டும்போது முன் சக்கரம் ஒருகணம் படி இருந்த பக்கம் திரும்பப் பார்த்தது, அவன்தான் பிடித்து நேராக்கினான்.

கடை வாசலில் வந்து இரண்டு பிரேக்கையும் பிடித்தபோது மூச்சு வாங்கியது. எப்பிடி ஓடுது என்று கேட்டுக்கொண்டே சடையப்பன் வந்து சீட்டுக் குழாயைத் தொட்டுக் கையை உதறினான், கறுப்பு பெயின்ட், அடுப்பில் வைத்த கல் மாதிரி காய்ந்திருந்தது. முன்பக்கக் குழாயும் அப்படித்தான். மேல் பாரின் நடுவில் அவன் கை பட்டு, அங்கேயே நின்றது. "இங்க மட்டும் சுடல பாரு." சுரேந்தரும் தொட்டுப் பார்த்தான். ஒரு ஆள் உட்காருகிற அகலத்துக்குப் பார் நிழலில் கிடந்த இரும்பாக இருந்தது. "ஒன் நெழல்லயே வந்திருக்கும் மச்சான்" என்றான் சடையப்பன், சொல்லிவிட்டு கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். இருக்கும், என் நிழலாகத்தான் இருக்கும்... "எறங்கு, வெயில்ல நிக்காத, உள்ள வந்து பேசலாம்." எறங்கு. அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் சுரேந்தருக்கு அது உறைத்தது. அவளுக்கு ஓடுகிற வண்டியில் ஏறத் தெரியாது, இறங்கவும் தெரியாது. இறங்குவதற்கும் அவன்தான் நிறுத்தி, கால் ஊன்றி, சாய்த்து, கையை எடுத்து வழிவிட வேண்டும். காலையில் சந்து முனையில் தவறாமல் நின்று ஏற்றிக்கொண்டவன், அந்த மூன்று படிக்கு எதிரில் ஒருநாள்கூட நிற்கவில்லையே. நேராகப் பண்ணைக்குப் போனான், இருட்டினால் வீட்டுக்கு வந்தான், அடுத்த நாள் மறுபடி... இத்தனை நாளாக எறங்கிக்கவா எறங்கிக்கவா என்று கேட்டுக்கொண்டு, பார் அழுத்த அழுத்த, துண்டுகூட இல்லாமல் அவள் உட்கார்ந்தே இருந்திருக்கிறாளா? மூன்று ஃபிரேமையும் உடைத்தது அவள் கனமா, வழி விடாமல் பிடித்துக்கொண்டிருந்த இந்தக் கையா? இடது கை ஹேண்டிலில் இறுகியிருந்தது, விரல் ஒவ்வொன்றாகப் பார்த்தான், ஒன்றுகூட அசைவதாக இல்லை.

"இன்னொரு சுத்து போயிட்டு வந்துர்றேன் மச்சான்" என்றான்.

"எதுக்கு, அதான் ஓட்டிப் பாத்துட்டியே?"

சுரேந்தர் கடை வாசலிலிருந்து வண்டியை வீதிக்கு மெல்லத் திருப்பினான், இரண்டு பேர் போகும்போது திருப்புவது போல அகலமாக. வடக்கு வீதிக்கு இப்படியே எதிர்த்திசையில் போனால் ஆஸ்பத்திரி பக்கம்தான், சட்டென்று வந்துவிடும். நான்கு வீதியும் சுற்றிப் போனால், அவளை அங்கே இறக்கிவிடுவதற்குள் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். அவன் தெற்குப் பக்கம் பார்த்து மிதித்தான்.