சூயஸ் கால்வாயும் வேலாயியின் பெட்டியும்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது பெரிய விஷயமாகப் பிறந்திருக்க வேண்டிய கதை. "உலக அரங்கில் சூயஸ், அதில் நமது தேயிலை என்று கம்பீரமாக ஒன்று எழுதித் தாருங்கள்" என்று கொழும்பில் ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார். கம்பீரம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் சரியென்று சொல்லி, தகவல் பொறுக்க மலையகத்துத் தேயிலை ஊரான கந்தப்பளைக்கு பஸ் ஏறினேன். அங்கே தேத்தண்ணிக் கடையில் ஒருவர்கூட சூயஸைப் பற்றிப் பேசவில்லை. கொழுந்து பறிக்கும் வேலாயியின் பெட்டியைப் பற்றித்தான் பேசினார்கள்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "1956 நவம்பரில் சூயஸ் மூடப்பட்டபோது கந்தப்பளை மலைகளின் மேல் பனி துயரத்தோடு..."

(பனிக்கு எகிப்தைத் தெரியாது. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி: "வல்லரசுகளின் சதுரங்கத்தில் வேலாயி ஒரு..."

(வேலாயிக்குச் சதுரங்கம் தெரியாது. எனக்கும்தான்.)

மூன்றாவது, மரியாதையாக: கால்வாயில் கப்பல்களை மூழ்கடித்து வழியை அடைத்துவிட்டார்கள். கொழும்புக்கு வர வேண்டிய கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு வந்தன. அப்படிச் சுற்றிய ஒரு கப்பலில் தேயிலைப் பெட்டி செய்யும் பலகை இருந்தது. தோட்டத்திலோ கொழுந்துக்கு இந்தச் சேதி எட்டவில்லை. அது பாட்டுக்குத் துளிர்த்தது. ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் குவிந்தது. போட்டு அனுப்பப் பெட்டி இல்லை.

தோட்டத்தை நடத்தும் துரை யோசித்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பழைய பெட்டிகள் கிடக்கின்றன அல்லவா, பொறுக்கி வாருங்கள் என்றார். ஏகாதிபத்தியம் இப்படித்தான் நெருக்கடியைச் சமாளிக்கிறது.

3.

கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிதான் காம்பரா என்னும் லயத்து ஒற்றை அறையில் அலுமாரி, கோழிக்கூடு, சாமி மாடம். எழுதத் தெரிந்த ஆம்பிளை இருக்கும் வீட்டில் அதன் உட்பக்கம் குடும்பப் பதிவேடும் ஆகும். வேலாயியின் புருஷன் சோலைமலை, நாலு பிள்ளைகள் பிறந்த தேதியையும் கரிக்கட்டையால் அங்கேதான் எழுதி வைத்தான். அதைப் பார்த்துத்தான், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஆட்கள் போட்டாக வேண்டிய இலங்கைப் பிரஜாவுரிமை மனுவையும் நிரப்பி அனுப்பினான். பிறகு செத்துப்போனான்.

இப்போது விசாரணைக்கு அழைப்பு வந்திருந்தது. மனுவில் இருக்கும் தேதியும் வாயால் சொல்லும் தேதியும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் தள்ளுபடி. தள்ளுபடியானவர்களுக்கு நாடு கிடையாது.

(கெட்டிக்கார வாசகர் கேட்பார்: தோட்டத்துப் பதிவேடு? கறையான் தின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாதா? மூத்தவள் பூரணிக்குத் தெரியும். விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் கிடக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாடமாக்கலாம் என்று தாயும் மகளும் தள்ளிப்போட்டார்கள். பெட்டி வெள்ளிக்கிழமையே போய்விட்டது.)

4.

மாலையில் கொழுந்தை எடை நிறுத்துவிட்டுக் காம்பராவுக்கு வந்த வேலாயி கண்டது, பாயில் கொட்டிக் கிடந்த துணிகளை. கூடையைக்கூட இறக்காமல் ஸ்டோருக்குப் போனாள். அங்கே ஸ்டோர் வேலைக்குப் பொறுப்பான டீமேக்கர் அலோசியஸ் நின்றார்.

"ஐயா, ஏம் பெட்டியக் காணங்க."

"தோட்டத்துப் பெட்டிதானே வேலாயி. எகிப்துல கால்வாய அடைச்சிட்டாங்க, தெரியுமா?"

"எகிப்து நம்ம தோட்டத்துல எந்த டிவிசன்லங்க இருக்கு?"

"அது தூரம்."

"தண்ணி போற கான் அடைச்சா எங்களத்தானே மம்பட்டிய எடுத்துக்கிட்டு வெட்டச் சொல்லுவீங்க. அங்க வெட்ட ஆளு இல்லீங்களா?"

அலோசியஸ் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"பெட்டிக்குள்ள ஏம் புள்ளைக பொறந்த தேதி இருக்குங்க. வெசாரணைக்கு அதுதாங்க வேணும்."

"உள்ளயா எழுதினீங்க?"

"வெளிய எழுதுனா அழிஞ்சிருமேங்க."

5.

இந்த இடத்தில் அலோசியஸ் மேல் எனக்குச் சந்தேகம். முந்தைய பிரதியில் அவரைக் கொடியவராக ஆக்கியிருந்தேன், கதைக்கு வசதி. ஆனால் பெட்டி பொறுக்கச் சொன்னதும், தன் பெண்சாதி பீங்கான் அடுக்கியிருந்த பெட்டியைத்தான் அவர் முதலில் கொண்டுவந்து வைத்தார் என்று கடையில் சொன்னார்கள். அப்படிப்பட்ட ஆளைக் கொடியவராக்குவது சிரமம்.

அதோடு அவர் இன்னொன்றும் செய்தார். மூன்று மணி லொறி நானுஓயா ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. மிச்சம் பதினொரு பெட்டிகள். நிரப்பி, ஆணி அடித்து, தோட்டத்துப் பெயர் பதித்தவை. துரையைக் கேட்காமல் அத்தனையையும் திறந்தார், தூளைக் கொட்டினார், உள்ளே புதிதாக ஒட்டியிருந்த ஈயத்தாளைக் கிழித்தார்.

"வாசிங்கய்யா," என்றாள் வேலாயி.

வாசித்தார். ஒன்றில், யாரோ ஒரு நாகலெட்சுமி பெரிய மனுஷியான நாள். ஒன்றில், ஆடு குட்டி போட்டது, இரண்டு கிடாய். ஒன்றில், 'இராமையா அக்கரைக்குப் போனது.' அக்கரை என்றால் இந்தியா. திரும்பி வந்த தேதி இல்லை.

"இது நம்ம எழுத்து இல்லீங்க," என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. புருஷன் கை தெரியும்.

பதினொன்றும் முடிந்தது. வேலாயியின் பிள்ளைகள் நால்வரும் ஈயத்தாளுக்குப் பின்னால், நல்ல தூளுக்கு அடியில், லண்டனுக்குக் கிளம்பியிருந்தார்கள். அதுவும் ஆப்பிரிக்காவைச் சுற்றி.

(இங்கே ஏகாதிபத்தியத்தைச் சாடி வேலாயி ஒரு பக்கம் பேசினாள். நான்தான் பேச வைத்தேன். அவள் அப்படிப் பேசவில்லை. கொட்டிய தூளை அலோசியஸோடு சேர்ந்து அள்ளிப் போட்டாள்.)

6.

விசாரணை. மேசைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்.

"இரண்டாவது பிள்ளை பிறந்த தேதி?"

"மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாளுங்க. அன்னிக்கு நல்ல மழ."

"தேதியைக் கேட்கிறார்."

"தேதி கப்பல்ல போயிக்கிட்டு இருக்குங்க."

மொழிபெயர்ப்பாளர் சற்று யோசித்தார். பிறகு சொன்னதை அப்படியே பெயர்த்தார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

முடிவு ஒன்று: அதிகாரி சிரித்து, ஒப்பமிட்டு... (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும்.)

முடிவு இரண்டு: தள்ளுபடி. (புள்ளிவிவரத்துக்குப் பிடிக்கும்.)

முடிவு மூன்று: லண்டனில் பெட்டியைத் திறக்கும் ஒருவர் கரி எழுத்தைக் கண்டு... (எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

உண்மையில் என்ன நடந்தது என்று கடையில் கேட்டேன். "இன்னும் பதில் வரலீங்க," என்றார்கள். ஆகவே பேனா தாளுக்கு மேலேயே நிற்கிறது. அதை நான் தொடப்போவதில்லை. நான் பிறந்த தேதியும் என் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாட்சி எங்கே என்று யாரும் கேட்டதில்லை. உங்களையும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தத் தகுதி போதும், முடிவை நீங்களே எழுதுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். அந்த அறையில் அவளுக்கு ஒரு நாற்காலி எழுத மறந்துவிட்டேன். நின்றுகொண்டிருக்கிறாள்.